வெடிச் சத்தம் கேட்காத வெற்றி

கிள்ளானில் நான் வேலை பார்க்கும் சாப்பாட்டுக் கடையில் டிவியைக் கூரைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள். பரோட்டாக் கல்லுக்கு முன்னால் நிற்கிற எனக்கு அதன் முதுகுதான் தெரியும். பார்க்கிறவர்களின் முகத்தை வைத்துத்தான் அதில் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்வேன். போன மாசி மாதம் மலேசியாவில் பொதுத்தேர்தல் நடந்தது. அன்று ராத்திரியே முடிவுகள் வந்தன. கடை நிறைய ஆட்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் கத்தவில்லை. ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். இன்னொருவர் தேத்தண்ணீரைக் குடிக்காமல் கலக்கிக்கொண்டே இருந்தார். நான் மாவை வீசிக்கொண்டே காதைத் தெருப் பக்கம் வைத்திருந்தேன். பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று, ஒரு வெடிகூட வெடிக்கவில்லை. யாரோ செத்துப்போன வீட்டில் பரோட்டா போடுவதுபோல இருந்தது எனக்கு.

நான் பிறந்து வளர்ந்தது ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பட்டாசுக் கம்பெனிக்குப் போனவன். இருபத்தைந்து வருடம் சரம் பின்னியிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் தேர்தல் முடிவை யாரும் காதில் சொல்ல வேண்டியதில்லை. எந்தத் தெருவில் சரம் வெடிக்கிறதோ அந்தத் தெருக்காரர் ஜெயித்தார் என்று அர்த்தம். ஓட்டு எண்ணுவதற்கு ஒரு வாரம் முன்பே இரண்டு கட்சிக்காரர்களும் கம்பெனிக்கு ஆர்டர் கொடுத்துவிடுவார்கள். இரண்டையும் ஒரே கைதான் பின்னும். முடிவு வந்த சாயங்காலம் தோற்றவர் வீட்டிலிருந்து பெட்டிகள் பின்வாசல் வழியாகக் கடைக்குத் திரும்பிப் போகும். அதையும் ஜெயித்தவர்தான் வாங்கி வெடிப்பார். ஆக, தோற்றவரின் சரமும் ஜெயித்தவர் வாசலில்தான் வெடிக்கும். அதில் எங்களுக்கு ஒரு குழப்பமும் இருந்ததில்லை.

அந்த ராத்திரி கடை சாத்துகிற நேரத்தில் என் மனைவி செல்லத்தாய் போனில் வந்தாள்.

“அங்கன எலெக்சன் முடிவு வந்துருச்சாமுல்ல, யாரு ஜெயிச்சா?”

“தெரியல.”

“கடை பூரா ஆளை வச்சுக்கிட்டுத் தெரியலங்கீக. ஒருத்தருகிட்ட வாயத் தொறந்து கேட்டா முத்து உதுந்துருமாக்கும்?”

“வெடிச் சத்தமே இல்ல தாயி. யாரும் ஜெயிக்கல போல.”

“யாரும் ஜெயிக்காம ஒரு எலெக்சனா? நல்லா இருக்கே கூத்து.” சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. “அத விடுங்க. ஒங்க பெர்மிட்டு என்னாச்சு? வைகாசில மாரிக்கு முகூர்த்தம் வச்சிருக்கு. நீங்க வரலைன்னா யாரு தாரை வார்த்துக் குடுக்க? எங்க அண்ணனக் கூப்புடவா?”

அவள் அண்ணனைக் கூப்பிடும்படி ஆகிவிடக் கூடாது என்பதுதான் அப்போது என் கவலை எல்லாம். மாரி எங்களுக்கு ஒரே பெண். என் பெர்மிட் சித்திரையோடு முடிகிறது. அதைப் புதுப்பிக்காமல் ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது. திரும்பி வரவில்லையென்றால் கல்யாணத்துக்குப் பிறகு குடும்பம் நிற்காது. புதுப்பிக்க இரண்டு காகிதம் வேண்டும். கடைக்கு லைசென்ஸ் கொடுப்பது இந்த ஊர் நகராட்சி, மஜ்லிஸ் என்பார்கள். அந்த லைசென்ஸைக் காட்டினால் இமிகிரேஷன் எனக்கு முத்திரை குத்தும். இதுவரை இரண்டும் ஒரே கையில் இருந்தன.

கடைசியாக எழுந்தவர் தினமும் வரும் மலாய்க்காரர், லாரி ஓட்டுகிறவர். கூச்சத்தை விட்டு, எனக்குத் தெரிந்த பத்து இருபது மலாய் வார்த்தைகளில் இரண்டைச் சேர்த்து, “சியாப்பா மெனாங்?” என்று கேட்டேன். யார் ஜெயித்தது என்று அர்த்தம். அவர் முதலில் தூரத்தைக் காட்டி, “சானா லாயின்” என்றார். பிறகு காலடியைக் காட்டி, “சினி லாயின்” என்றார். அங்கே வேறு, இங்கே வேறு. எனக்கு வார்த்தை புரிந்தது, விஷயம் புரியவில்லை. நான் விழிப்பதைப் பார்த்து, பரோட்டா இன்னொன்று வேண்டுமா என்று நான் கேட்பதாக நினைத்தாரோ என்னவோ, வயிற்றைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

முதலாளி சொல்லித்தான் விளங்கியது. அவர் தாத்தா காலத்திலேயே இங்கு வந்துவிட்ட தமிழர், இந்த ஊர் வழக்கப்படி பேச்சுக்குப் பேச்சு ‘லா’ போடுவார். “மேல பழைய ஆளுங்க அரசாங்கம்தான் லா. இந்த மாநிலத்துல மட்டும் எதிர்க்கட்சி வந்துருச்சி. இப்ப ரெண்டு அரசாங்கம்.” வெடி வெடிக்க இங்கே சட்டத்தில் இடமில்லை, ஊர்வலமும் போகக் கூடாதென்று போலீஸ் சொல்லியிருக்கிறது என்றும் சொன்னார். அவர் சந்தோஷப்படுகிறாரா வருத்தப்படுகிறாரா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. அவருக்கே தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். மஜ்லிஸ் மாநிலத்தின் கையில், இமிகிரேஷன் மேலே இருப்பவர்கள் கையில். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் இதுதான். இரண்டு கை என்றால் என்னவென்று எனக்கு ஊரிலேயே தெரியும்.

நான் மலேசியாவுக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது. தலைவர் மேலத்தெருக்காரர், ஜனங்கள் நேராக ஓட்டுப்போட்டு ஜெயித்தார். மேலத்தெருவில் சரம் வெடித்தது. அடுத்து வார்டு மெம்பர்கள் கூடித் துணைத் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். மெம்பர்களில் கூடுதல் பேர் எதிர்ப்பக்கம். கீழத்தெருவில் அதைவிட நீளமான சரம் வெடித்தது. இரண்டு தெருவிலும் காகிதக் குப்பை. எங்கள் ஊரில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. பஞ்சாயத்துச் செக்கில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். குடிதண்ணீர்த் தொட்டி கட்டி முடித்து வெள்ளையும் அடித்தாயிற்று. மோட்டார் வாங்க வேண்டியதுதான் பாக்கி. தலைவர் போட்டார், துணைத் தலைவர் போடவில்லை. மோட்டாரை எந்தக் கடையில் வாங்குவது என்பதில் சண்டை. செல்லத்தாயும் தெருப் பெண்களும் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு இரண்டு பஸ் மாறிச் சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குக் காலிக்குடத்தோடு போய் மனு கொடுத்தார்கள். வாங்கி வைத்துக்கொண்டார்கள். தொட்டி இன்னும் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. அதன் நிழலில் ஆடு படுத்திருக்கும்.

ஆகவே மறுநாள் காலையில் நான் செய்ததை அசட்டுத்தனம் என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம். கடைச் சுவரில், கல்லாவுக்கு மேலே, பழைய அரசாங்கத்துத் தலைவர் படம் ஒன்று பெரிய சட்டத்தில் தொங்கும். எங்கள் ஊரில் முடிவு வந்த மறுநாள் டீக்கடைக்காரர் முதலில் செய்கிற வேலை, சுவரில் இருக்கும் படத்தை மாற்றுவதுதான். ஜெயித்தவர்கள் டீ குடிக்க வரும்போது பழைய படம் இருந்தால் கடைக்கு ஆகாது. முதலாளி வருவதற்குள் மஜ்லிஸ் ஆள் யாராவது வந்துவிட்டால் லைசென்ஸ் என்ன ஆவது என்று பயந்து, நாற்காலி போட்டு ஏறிப் படத்தைக் கழற்றி, அரிசி மூட்டைக்குப் பின்னால் திருப்பி வைத்துவிட்டேன். முதலாளி மனம் குளிரும் என்று நினைத்தேன்.

முதலாளி வந்தார். கல்லாவில் உட்காரப் போனவர் அப்படியே நின்றார்.

“யாரு கழட்டுனா?”

“நான்தான் முதலாளி. மஜ்லிஸ்காரங்க வந்தா…”

“என்னா லா நீ! ஒன் பெர்மிட்டு எங்க இருந்து வருதுன்னு தெரியுமா? இமிகிரேஷன்காரன் மத்தியானம் சாப்பிட வருவான். மாட்டு லா!”

மாட்டினேன். அவர் கல்லாவில் உட்கார்ந்து பத்து நிமிடம் யோசித்தார். “இரு, மஜ்லிஸ்காரன் பத்து மணிக்கே தேத்தண்ணி குடிக்க வருவான். கழட்டு.” கழற்றினேன். பன்னிரண்டு மணிக்கு மறுபடி மாட்டச் சொன்னார். மூன்று நாள் இப்படி நாற்காலியில் ஏறி இறங்கினேன். சாப்பிட வந்த நம் ஆள் ஒருவர், “என்னா அண்ணே, சாமி பள்ளியறைக்குப் போய்ட்டு வருதா?” என்று கேட்டுவிட்டார். கடையே சிரித்தது. முதலாளியும் சிரித்தார். அன்றோடு படம் சமையற்கட்டுக்குப் போகிற சுவரில் ஏறியது. அங்கே நான் மட்டும்தான் பார்க்க முடியும். கல்லாவுக்கு மேலே, புகை படியாத ஒரு வெள்ளைச் சதுரம் மட்டும் மிஞ்சியது. வருகிற ஒவ்வொருவரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

மஜ்லிஸில் பழைய உறுப்பினர்கள் போய்விட்டார்கள், புது ஆட்களை இன்னும் போடவில்லை, காகிதம் நிற்கிறது என்றார்கள். பங்குனி போயிற்று. செல்லத்தாய் போனில் பத்திரிகை அடிக்கப் போகும் செய்தியைச் சொன்னாள். “எங்க அண்ணன் கேக்காரு. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல” என்றாள். நான் பேச்சை மாற்றி, தொட்டிக்கு மோட்டார் போட்டாச்சா என்று கேட்டேன். “ஆங், கல்யாணப் பத்திரிகைலதான் ரெண்டு பேரு கையெழுத்தும் வாங்கணும்” என்றாள்.

சித்திரை நடுவில் ஒரு நாள் முதலாளி என்னை மஜ்லிஸுக்குக் கூட்டிப் போனார். தலைவர் அறை பூட்டியிருந்தது. கவுன்டரில் முக்காடு போட்ட ஒரு பெண் இருந்தாள். போன வருடமும் அவள்தான். காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள், முத்திரை குத்தினாள், அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் இமிகிரேஷனும் குத்திவிட்டது. யார் யாருக்கு விட்டுக்கொடுத்தார்கள், அல்லது யாருமே இதைப் பற்றி யோசிக்கவில்லையா, எனக்குத் தெரியவில்லை. முதலாளியிடம் கேட்டேன். “அதான் குத்திட்டாங்க இல்ல” என்றார். இங்கே உள்ள சண்டை நம் ஊர்ச் சண்டையைவிடச் சின்னது என்று சொல்லிவிட முடியாது. ஒருவரையொருவர் ஏசுவதைப் பத்திரிகையில் எழுத்துக்கூட்டிப் படிக்கிறேனே. ஆனாலும் கவுன்டரில் உட்காருகிற பெண்ணின் கை நிற்கவில்லை. நம் ஊரில் அந்தக் கைக்கு மட்டும் என்ன ஆகிவிடுகிறது என்பதுதான் எனக்கு விளங்காதது. இதே இரண்டு கை நாளைக்கு இங்கேயும் முறுக்கிக்கொள்ளாது என்பதற்கும் யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. அடுத்த வருடம் மறுபடி போய் நிற்க வேண்டும்.

மாரியின் கல்யாணத்துக்கு முந்தின நாள் ஊர் போய்ச் சேர்ந்தேன். முதலாளியிடம் இருக்கும் பாஸ்போர்ட் ஊருக்குக் கிளம்பும்போதுதான் என் கைக்கு வரும். ஆகவே அதை எங்கேயும் வைக்க மனமில்லாமல், பட்டு வேட்டிக்கு மேல் கட்டிய பச்சை பெல்ட்டின் பையில் வைத்துக்கொண்டு மணவறையில் நின்றேன். தலைவரும் வந்திருந்தார், துணைத் தலைவரும் வந்திருந்தார். பந்தலின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு பேரும் என்னைப் பார்த்து, “அங்கன யாரு ஆட்சிலே?” என்று தனித்தனியாகக் கேட்டார்கள். இரண்டு பேரிடமும், “அங்கன ரெண்டு” என்றேன். இரண்டு பேரும் பாவம் என்பதுபோலத் தலையாட்டினார்கள். பந்தலுக்குப் பின்னால் தண்ணீர் லாரி நின்றது. அதற்கும் பின்னால் தொட்டி நின்றது.

லாரித் தண்ணீரைச் செம்பில் எடுத்துக் கொடுத்தார்கள். செல்லத்தாய் என் கையோடு கை சேர்த்துப் பிடித்தாள். மாரியின் கையும் மாப்பிள்ளையின் கையும் எங்கள் கைக்குக் கீழே இருந்தன. தண்ணீர் விழத் தொடங்கியதும் வெளியே சரத்தைப் பற்ற வைத்தார்கள். இரண்டு வருடமாகக் கேட்காத சத்தம். நல்ல நீளம், இடையில் ஒரு இடத்திலும் அறுபடாத பின்னல். எனக்கு என்ன ஆயிற்றோ, செம்பைப் பிடித்தபடியே தலையைத் திருப்பி, சத்தம் எந்தத் தெருப் பக்கம் என்று கேட்டுப் பார்த்து, “யாருலே ஜெயிச்சா?” என்று கேட்டுவிட்டேன்.

பந்தல் முழுக்கச் சிரித்தது. மாரிகூடத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். “ஏலே மலேசியா, ஒன் மகளுக்குக் கல்யாணம்லே!” என்று யாரோ கத்தினார்கள். செல்லத்தாய் மட்டும் சிரிக்காமல், “தண்ணியப் பாத்து ஊத்துங்க” என்றாள். ஊற்றினேன். மாரியின் விரல்களில் பட்டுத் தெறித்த தண்ணீர் கொஞ்சம் என் பெல்ட்டில் விழுந்தது. ஒரு கை செம்பை விடாமல் பிடித்திருக்க, இன்னொரு கை தானாகப் போய்ப் பாஸ்போர்ட் இருந்த பையைப் பொத்திக்கொண்டது.