மாமா பூப் பார்த்த வாரம்

என் அக்கா புருஷன் பஸ் ஓட்டுகிறவர். ரோட்டைத் தவிர வேறெதையும் பார்க்காத மனிதர். அக்காவோ வீட்டின் முன்னால் ஒரு சாண் இடம் விடாமல் செடி வைத்திருக்கிறாள். வசந்தம் வந்தால் வாசற்படியே தெரியாது, அப்படிப் பூக்கும். கல்யாணமான நாளிலிருந்து அவளும் வந்து பாருங்களேன் என்று கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். மாமா செருப்பை மாட்டியபடியே பார்த்தேன் பார்த்தேன் என்பார். பார்த்திருக்க மாட்டார். ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் வித்தியாசம் தெரியாத ஆள்.

அந்த ஆள் போன வசந்தத்தில் திடீரென்று லீவு போட்டுவிட்டுத் தோட்டத்தில் போய் நின்றார். ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்த்தார். இதற்கு என்ன பேர், இது நாளைக்கும் இருக்குமா என்று அக்காவைக் கேட்டார். அவள் உடனே எனக்குப் போன் செய்து, மாமா சரியில்லை, வெளியே கூட்டிப்போய் என்னவென்று கேள் என்றாள்.

ஸ்கூட்டரில் ஏற்றி எங்கே போகலாம் என்றேன். தன் பஸ் போகும் வழியையே சொன்னார். ஊர் தாண்டியதும் கண்ணுக்கு எட்டிய வரை கடுகு பூத்துக் கிடந்தது. வேலியெல்லாம் ஊதாப் பூ. மாமா வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"தினம் இந்த வழியாத்தான் ஓட்டுறேன். இவ்வளவு மஞ்சள்னு தெரியாமப் போச்சேடா."

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. டிரைவர்களுக்கான கண் பரிசோதனைக்குப் போயிருக்கிறார். பரிசோதித்துவிட்டு வெளியே உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். கதவுக்குப் பின்னால் டாக்டர் நர்ஸிடம், "பூ விழுந்திருக்கு, அதான் மங்கலா தெரியுது" என்றது இவர் காதில் விழுந்திருக்கிறது. அவ்வளவுதான், சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து வந்துவிட்டார். கண்ணில் பூ விழுந்தவனிடம் யார் பஸ்ஸைக் கொடுப்பார்கள்?

"பார்வை இருக்கிறப்பவே எல்லாத்தையும் பார்த்து வெச்சுக்கறேன். உங்கக்காகிட்ட சொல்லிடாத."

எனக்குப் பயத்தோடு கோபமும் வந்தது. பெரிய பஸ்ஸை ஓட்டத் தெரிந்த மனிதருக்கு டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லையே! வர மாட்டேன் என்றவரை வம்படியாக ஏற்றிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு விட்டேன்.

டாக்டர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். அன்றைக்கே இவரைத் தேடினார்களாம். கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லத்தான். மாமா நம்பவில்லை. பூ விழுந்திருக்கிறது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று மல்லுக்கு நின்றார். டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே கூட்டிப்போனார். கண் பார்க்கும் மெஷின் ஜன்னலோரமாக இருந்தது. ஜன்னல் கம்பிக்குள் ஒரு வெள்ளைப் பூங்கொடி தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"பூ விழுந்தது உங்க கண்ணுல இல்லைங்க, மெஷின் கண்ணாடியில. துடைக்கச் சொன்னேன்."

மாமா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. கதையைக் கேட்ட அக்கா முதலில் அவரை ஒரு பிடி பிடித்தாள், பிறகு அவளும் அழுதாள்.

மறுநாள் மாமா அக்காவைத் தன் பஸ்ஸில் முன் சீட்டில் உட்காரவைத்து ஓட்டினார். கடுகு வயல் வந்ததும் வண்டி மெதுவானது.

"அங்க பாரு, எப்படிப் பூத்திருக்கு."

இந்த வார்த்தைக்காகத்தான் அக்கா இத்தனை வருஷம் காத்திருந்தாள். ஆனாலும் அவள் சொன்னது இதுதான்:

"நான் பார்த்துக்கறேன். நீங்க ரோட்டைப் பாருங்க."