நாற்பத்திரண்டாம் அடிக்குறிப்பு

சாவந்திரவ்வா டீச்சர் நவலகுந்து பக்கத்தில் முப்பது வருடம் ஆரம்பப் பள்ளியில் பாடம் எடுத்தவர். அங்கே கிணற்றுத் தண்ணீர் உப்பு, குடிக்கக் குளம்தான். எந்தக் குளத்தை யார் வெட்டினார்கள் என்று கோடை விடுமுறைகளில் நடந்தே விசாரித்து, நூற்று நாற்பத்தெட்டுப் பக்கத்தில் ஒரு புத்தகம் போட்டார். இருநூறு பிரதி. பாதி இன்னும் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. ஏழு வருடம் ஊர்சுற்றிவிட்டுத் தார்வாடுக்குத் திரும்பி அவர் வீட்டு மாடியில் குடியிருக்கும் எனக்கே மூன்று பிரதி கொடுத்திருக்கிறார். யாராவது தம் ஆராய்ச்சியில் அதைப் பெயர் சொல்லி எடுத்தாள வேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

மாதேவி வந்தாள். குளங்களைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு எழுதுகிறவள். இரண்டு வருடம் வியாழன்தோறும் டீச்சர் வீட்டில்தான் அவளுக்குச் சோள ரொட்டியும் எண்ணெய்க் கத்தரிக்காயும்.

எழுதி முடித்த ஆய்வேட்டின் நகலைக் கொண்டுவந்து கொடுத்தாள். “இருபத்திநாலு இடத்துல வர்றீங்க டீச்சர். எண்ணிக்கங்க.”

எண்ணினார். நாற்பத்தோராம் அடிக்குறிப்பில் அவர் பெயரும் நூலும் முழுதாக இருந்தன. அதன்பின் இருபத்துமூன்றிலும் ‘மேற்படி’, பக்க எண், அவ்வளவுதான்.

“பேரைப் போட்டா என்ன, மை தீந்துடுமா?”

“அதே புத்தகம் அடுத்தடுத்து வந்தா மேற்படிதான் டீச்சர், அதான் முறை. மேல இருக்கறது நீங்கதானே.”

வாய்மொழித் தேர்வுக்கு இல்கல் சேலை கட்டிக்கொண்டு என்னையும் அழைத்துப் போனார். அங்கே யாரும் கேள்வி கேட்கலாம், யாரும் கேட்பதில்லை. முடிந்ததும் தரும் பேடாவுக்குத்தான் காத்திருப்பார்கள். ஆய்வேடு கைக்குக் கை வந்தது. டீச்சர் தன் பக்கத்தைப் பிரித்தார். நாற்பத்தொன்றுக்குக் கீழே புதிதாக ஒரு குறிப்பு முளைத்திருந்தது: மாதேவியின் நெறியாளர் ஹொம்பளியின் நூல். அதற்கும் கீழே அந்த இருபத்துமூன்று மேற்படிகள், அப்படியே.

டீச்சர் எழுந்தார். “நாப்பத்திமூணாவது குறிப்பு. மேற்படி, பக்கம் நூத்திப்பன்னெண்டு. யார் புத்தகத்துலம்மா?”

மாதேவி ஹொம்பளியைப் பார்த்தாள். அவர் சிரித்தார். “நடுவுல ஒண்ணு நுழைஞ்சிருச்சு அக்கா. நூலகப் பிரதியில திருத்திடுவா. அக்காவுக்கு முதல்ல பேடா குடுங்கப்பா.”

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் பேடாவைக் கையிலேயே வைத்திருந்தார்.

படியிறங்கும்போது மாதேவி ஓடிவந்தாள். “கடைசி வாரம் சார் சேர்க்கச் சொன்னாரு டீச்சர். எந்த இடத்துலன்னும் அவரே சொன்னாரு.”

“அங்க சேத்தா என்ன ஆகும்னு உனக்குத் தெரியும்ல?”

“வேலைக்கு அவர் சிபாரிசு வேணும் டீச்சர். திருத்திடறேன்.”

மூன்று மாதம் கழித்து, டீச்சர் கேட்டதற்காக நூலகம் போனேன். திருத்தியிருந்தாள். ஒரு மேற்படிகூட இல்லை. இருபத்துமூன்று இடத்திலும் ‘ஹொம்பளி’ என்று தெளிவாகப் போட்டு, பக்க எண்களை மட்டும் தொடாமல் விட்டிருந்தாள். ஹொம்பளியின் நூலையும் எடுத்துப் பார்த்தேன். மொத்தமே தொண்ணூற்றாறு பக்கம்.

வந்து சொன்னபோது டீச்சர் மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

“பக்கம் நூத்திமுப்பது இருக்கா?”

“இருக்கு. அவர் பேர்ல.”

“அந்தக் குளத்துப் படியிலதான் விழுந்து காலை ஒடிச்சிக்கிட்டேன்.” கையைக் கழுவினார். “வியாழக்கிழமைக்குன்னு கத்தரிக்காய் வாங்கி வெச்சிருக்கேன். நீ எடுத்துட்டுப் போயிடு.”