முந்நூறு வேகத்தில் ஒரு கல்யாணம்

எங்கள் மாவட்டத்தில் வைஃபை பற்றி ஒன்றும் தெரியாதவன் நான் ஒருவன்தான். மற்ற எல்லோருக்கும் தெரியும். மற்ற எல்லோருக்கும் துபாயில் ஒரு மச்சினனோ கத்தாரில் ஒரு சித்தப்பாவோ இருந்தார். நான் நாகர்கோவிலில் கடை வைத்து அதையே தொழிலாகச் செய்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான். ரௌட்டர் பொருத்தப் போகும் வீடுகளில் அதை எங்கே வைக்க வேண்டும் என்று வீட்டுக்காரர்களே எனக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். பெரும்பாலும் இரும்பு பீரோவின் உள்ளே, நகைக்குப் பக்கத்தில். அங்கேதான் பத்திரமாம்.

இரண்டாயிரத்துப் பத்து தாண்டி, ‘என்’ என்ற ஆங்கில எழுத்தைப் பெயராகக் கொண்ட புதிய, வேகமான ரௌட்டர்கள் வந்து இறங்கிய காலம் அது. கடியப்பட்டணம் தாண்டி ஒரு கடலோர ஊரிலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்தவர் என்பது அவர் வருவதற்கு முன்பே வந்துவிட்ட அத்தர் வாசனையில் தெரிந்தது. அக்காள் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் முறைக்கு எல்லோரும் நகை கொண்டு வருவார்கள், இவர் நகையோடு ஒரு ரௌட்டரும் கொண்டு வந்திருந்தார். பெண்ணின் அப்பா சவூதியில் இருந்தார். லீவு கிடைக்கவில்லையாம், ஊருக்கு வந்தே இரண்டு வருடம் ஆகிறதாம். கோயிலில் மகள் கழுத்தில் தாலி ஏறுவதை அவர் அங்கே இருந்தபடியே பார்க்க வேண்டும். அதற்கு ஏற்பாடு செய்வதுதான் என் வேலை.

“பெட்டியில முந்நூறுன்னு போட்டிருக்கு, கேட்டியா மக்கா? முந்நூறும் வரணும்,” என்றார் மாமா.

பெட்டியில் போட்டிருப்பது ரௌட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையே உள்ள வேகம், அதுவும் நடுவில் சுவரோ மனிதனோ இல்லாத உலகத்தில் என்று விளக்கினேன். சவூதிக்குப் போகும் வேகம் டெலிபோன் கம்பியைப் பொறுத்தது என்றும் சொன்னேன். மாமா கருணையோடு கேட்டுக்கொண்டார். “எல்லாம் சரி. முந்நூறு வருமா, வராதா?”

ஊருக்குப் போய்ப் பார்த்தேன். இணையக் கம்பி பங்குச்சாமியார் வீட்டில் இருந்தது, கல்யாணம் எதிரே மணல் முற்றத்தைத் தாண்டிக் கோயிலில். அந்த முற்றத்தைப் படமும் குரலும் காற்றில்தான் தாண்ட வேண்டும். மாமா தானே ரௌட்டரைப் பொருத்தியிருந்தார். பாஸ்வேர்டுக்குப் பழைய வகைப் பூட்டு போட்டிருந்தார். ‘என்’ ரௌட்டருக்கு ஒரு குணம் உண்டு. பழைய பூட்டைக் கண்டால் யாரிடமும் சொல்லாமல் பழைய வேகத்துக்கு இறங்கிவிடும். கேட்டால் எல்லாம் நலம் என்று பச்சை விளக்கைக் காட்டும். நம் அரசு அலுவலகங்களில் வேலைக்குச் சேர எல்லாத் தகுதியும் உள்ள கருவி.

மாற்றுவதற்கு முன் ஒரு முறை சவூதிக்கு வீடியோவில் அழைத்துப் பார்த்தோம். மீசை வைத்த ஒரு மாநிறக் கறை திரையில் அசைந்தது. அதுதான் பெண்ணின் அப்பா. “ரெம்ப தெளிவா எல்லாம் வேண்டாம் மக்கா. சத்தம் கேட்டாப் போதும்,” என்றது கறை. எனக்கு எரிச்சல் வந்தது. ஒருவருக்கு முந்நூறும் வேண்டும், இன்னொருவருக்கு ரேடியோ போதும். நடுவில் நான் எதற்கு?

அழைப்பை முடித்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். பூட்டைப் புதிய வகைக்கு மாற்றினேன். வீடியோவுக்கு முதலிடம் கொடுக்கும் அமைப்பை யாரோ அணைத்து வைத்திருந்தார்கள், அதை எழுப்பினேன். அலைவரிசையின் அகலத்தை இருபதிலிருந்து நாற்பதாக்கினேன். அதாவது, ரோட்டின் இரண்டு பக்கத்தையும் நாமே எடுத்துக்கொண்டு ஓட்டுவது. எங்கள் ஊர் மினிபஸ்ஸில் ஏறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நகரத்தில் இப்படிச் செய்தால் பக்கத்து வீட்டு ரௌட்டர்கள் சண்டைக்கு வரும். அங்கே பக்கத்து வீடு கடல்தான். கோயிலுக்குள் மடிக்கணினியை வைத்துப் பார்த்தால் முந்நூறு என்றே காட்டியது. மாமா அந்த எண்ணைத் தன் போனில் படம் பிடித்துக்கொண்டார். மறுபடி அழைத்துக் காட்டலாம் என்றால், அப்பா டூட்டிக்குப் போய்விட்டதாகச் செய்தி வந்தது.

கல்யாண நாள் காலையில் சொந்தக்காரர்கள் மாமாவைச் சூழ்ந்துகொண்டார்கள். எல்லோர் கையிலும் வெளிநாட்டுப் போன். எல்லோருக்கும் பாஸ்வேர்ட் வேண்டும். ஒருவருக்குச் சொல்லி ஒருவருக்குச் சொல்லாமல் விட்டால், அடுத்த தலைமுறையிலும் அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு ஆள் வராது. மாமா யோசித்தார். அந்த ஊரில் எந்தச் செய்தியும் கோயில் ஒலிபெருக்கி வழியாகத்தான் போகும். ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வந்தது, ஆடு காணாமல் போனது, யார் இறந்தார் என்பது எல்லாமே. யாரையும் தனியாக அழைக்கவில்லை என்ற மனத்தாங்கலுக்கே அங்கே இடம் கிடையாது.

ஆகவே, திருப்பலி தொடங்கச் சற்று முன், “கல்யாண வீட்டாரின் அன்பான அறிவிப்பு” என்று ஒலிபெருக்கி தொண்டையைச் செருமியது. பிறகு நான் பாடுபட்டு உருவாக்கிய உடைக்க முடியாத பாஸ்வேர்டை, எழுத்து எழுத்தாக, இரண்டு முறை, கடல் வரைக்கும் கேட்கும்படி வாசித்தது. எழுதிக்கொள்ள வசதியாக நிறுத்தி நிறுத்தி வாசித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

கோயில் நிறைந்தது, முற்றத்துக் காற்றும் போன்களால் நிறைந்தது. சாமியார் தாலியை மந்திரிக்கும் நேரத்துக்குத் திரையில் அப்பா சதுரம் சதுரமாக உடைந்தார். “ஒண்ணும் தெரியல்ல... ஒண்ணும் தெரியல்ல...” என்று குரல் மட்டும் துண்டு துண்டாக வந்தது. நான் மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். “பாஸ்வேர்டை மாத்திருதேன். ஒரு நிமிசம் போதும்.”

மாமா பதறிப்போனார். “குடுத்ததப் பிடுங்குனா நாளைக்கி எவன் எனக்க வீட்டுக்கு வருவான்? அது பற்றாது மக்கா, நடக்காது.”

அக்காள் மகளின் தாலியை விட மரியாதை பெரிது. சரி. நான் பீடத்தருகே போய்ச் சாமியாரிடம் குனிந்து விஷயத்தைச் சொன்னேன். அவர் தாலியைத் தட்டில் வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தார். “பெண்ணுக்க அப்பா சவூதியில உக்காந்து பாக்காரு. உங்க போனெல்லாம் அவரு கண்ண மறைக்குது. எல்லாரும் வைஃபையை அணைங்க.”

கோயில் முழுக்கப் பைகளும் மடிகளும் அசைந்தன. திரையில் இணைந்திருந்த போன்களின் பட்டியல் ஒவ்வொன்றாகக் குறைந்து காலியானது. கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்களும் அணைத்திருக்க வேண்டும், ஒலிபெருக்கி அங்கேயும் கேட்கும் அல்லவா. எந்த அமைப்பாலும் என்னால் செய்ய முடியாததை ஊர் ஒரு வார்த்தையில் செய்தது. கேலி செய்ய எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

தாலி ஏறியது. “கண்டேன், கண்டேன்” என்று அப்பாவின் குரல் கேட்டது. நான் வேக அளவையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

திருப்பலி முடிந்ததும் பெண் மாப்பிள்ளையோடு அப்பாவிடம் ஆசி வாங்க, மடிக்கணினி இருந்த என் மேசைக்கு வந்தாள். தலை குனிந்தாள். திரையில் அவர் சிலுவை போடக் கையைத் தூக்கினார். புதுச் சட்டையின் கை வழுக்கி முழங்கைக்கு இறங்கியது. புறங்கையில் ஊசியும் பிளாஸ்திரியும் இருந்தன. மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பட்டை. தோளுக்குப் பின்னால் கட்டிலின் இரும்புக் கம்பி. கழுத்து எலும்பு சட்டைக்கு வெளியே துருத்தி நின்றது. எல்லாம் கண்ணாடி போலத் தெரிந்தன.

பெண் நிமிர்ந்து பார்த்தாள். அவர் அவசரமாகச் சட்டையை இழுத்துவிட்டார். “அம்மைக்கிட்ட சொல்லண்டாம் மோளே. கல்யாண வீடு கழியட்டும்,” என்றார் மெதுவாக.

அம்மா அதற்குள் எழுந்துவிட்டிருந்தார். வழியில் நிறுத்திக் கட்டிப்பிடித்தவர்களிடமிருந்து விடுபட்டு, மூக்குக் கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். பெண் என் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, இத கொறச்சு மங்கலாக்க முடியுமா? அம்மை வருது.”

அத்தனை வருடத் தொழிலில் இப்படி ஒரு வேலையை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். அகலத்தைக் குறைத்தேன், புதிய வகையை நிறுத்தினேன், வேகத்தை இருப்பதிலேயே கீழான எண்ணுக்கு இறக்கினேன். படம் நின்றது. பிறகு மீசை வைத்த மாநிறக் கறையாக அப்பா திரும்பி வந்தார்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பின்னால் வந்த மாமா திரையைப் பார்த்துக் கத்தினார். “ஏலே, என்னடே இது? முந்நூறு எங்க போச்சு?”

“கடல் காத்து. உப்பு. ஒண்ணும் பண்ண முடியாது,” என்றேன்.

நாகர்கோவில்காரனுக்கு ஒரு மண்ணும் தெரியாது என்று மாமா சுற்றி நின்ற எல்லோருக்கும் அறிவித்தார். ஆமாம் என்று நானும் தலையாட்டினேன்.

அம்மா யாரையும் கவனிக்கவில்லை. திரையை விரலால் தொட்டு, “சாப்பிட்டியளா?” என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றது குரல். அம்மா இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

“ஏட்டி, பாத்தியா? உனக்க அப்பா நல்லா தடிச்சிருக்காவ.”

பெண் அம்மாவின் தோளில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். “ஆமாம்மா. தடிச்சுதான் இருக்காவ.”