எர்மெஸின் சுட்டுவிரல்

வெளியூர்க்காரர் யாராவது தன் பத்திரிகைக் கடை முன் வந்து நின்றால் எர்மெஸ் நிமிர்ந்து பார்க்க மாட்டார். பத்திரிகைக் கட்டுகளை அடுக்கிக்கொண்டே காதைத் தீட்டிக்கொள்வார். முதலில் "புவோன்ஜோர்னோ" என்று வணக்கம் வருகிறதா? பிறகு "தோவே மாஞ்ஜா லெய்?", நீங்கள் எங்கே சாப்பிடுவீர்கள் என்ற கேள்வி வருகிறதா? இரண்டும் வந்தால் அவர் சுட்டுவிரல் இடப்பக்கச் சந்துப் பக்கம் நீளும். அங்கே நோரினாவின் சாப்பாட்டுக்கடை. எடுத்த எடுப்பில் "நல்ல ஓட்டல் எது?" என்பவர்களுக்குச் சதுக்கத்தைக் காட்டுவார். அங்கே சாப்பாட்டைவிட அதன் போட்டோ நன்றாக இருக்கும்.

"மரியாதை தெரிஞ்சவனுக்கு நல்ல சாப்பாடு. மத்தவனுக்குப் போட்டோ போதும்" என்பார்.

இத்தாலியின் பொலோன்யா நகரில் பாதிரியாரையும் நம்பாமல், கட்சியையும் விட்டுவிட்டவர் எர்மெஸ். நோரினாவின் மேசையை மட்டும் நம்பினார். மணி ஒன்றானால் கடையைச் சாத்திவிட்டு அங்கே ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவார். கோழிச் சாற்றில் மிதக்கும் தொர்தெல்லினி, இறைச்சி பொதிந்த குட்டி மாவு வளையங்கள், கேட்காமலே வரும்.

போன வசந்தத்தில் சாலிஃப் மனைவியோடு வந்தார். செனகலில் பிறந்து, பெர்கமோ நகரில் பஸ் ஓட்டுபவர். வணக்கம் சொன்னார், கேள்வியையும் குறையில்லாமல் கேட்டார். பூரித்துப்போன எர்மெஸ், தன் பெயரைச் சொல்லச் சொல்லி அனுப்பினார். சற்று நேரத்தில் இருவரும் திரும்பி வந்தார்கள். எல்லா மேசையும் முன்பதிவாகிவிட்டது என்றாளாம் நோரினா.

"எங்களுக்குப் பழகிப்போச்சு பெரியவரே. நீங்க வருத்தப்படாதீங்க" என்று அவரைத் தேற்றிவிட்டுப் போனார் சாலிஃப்.

எர்மெஸ் போய்ப் பார்த்தபோது பாதிக் கடை காலி.

"எனக்கு ஒண்ணுமில்லண்ணே" என்றாள் நோரினா, வழக்கமான தட்டை அவர் முன் வைத்தபடி. "மத்தவங்க முகம் சுளிப்பாங்கல்ல? நான் யாவாரம் பண்ண வேணாமா?"

உப்புப் போதுமா என்று கேட்கிற அதே குரல். அதுதான் அவரை உறைய வைத்தது. பசித்து வந்தவரை நிறம் பார்த்து விரட்டுகிற கொடுமை, கத்திக்கொண்டு வரும் என்று நினைத்திருந்தார். இத்தனை வருடமாக அது அவருக்குப் பரிமாறிக்கொண்டிருந்திருக்கிறது. இந்த விரல் இதற்கு முன் எத்தனை பேரை அந்த வாசலுக்கு அனுப்பியதோ? திரும்பி வந்து சொல்லாமலே போனவர்கள் எத்தனை பேரோ? கரண்டியைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டார்.

இப்போதெல்லாம் ஒரு மணிக்குக் கடை சாத்துவதில்லை. வீட்டிலிருந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்து வருகிறார். "சின்னப்பிள்ள மாதிரி என்னண்ணே வீம்பு? சூப் ஆறுது" என்று நோரினா சந்து முனையிலிருந்து கூப்பிடுவாள். இவர் பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்.

நேற்று மதியம் ஒரு வெளியூர்ப் பெண் வணக்கம் சொல்லி, நீங்கள் எங்கே சாப்பிடுவீர்கள் என்று கேட்டாள். பழக்கத்தில் விரல் சந்துப் பக்கம் எழுந்தது. பாதியில் நின்றது. கையை இறக்கிய எர்மெஸ், ரொட்டியை எடுத்து இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியைப் பத்திரிகைகளின் மேல் அவள் பக்கம் நகர்த்தினார்.