வாய் மூடிய பூவம்மாள்

இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டே மாமியாரும் மருமகளுமாகச் சண்டை போடுகிறாள் பூவம்மாள். இரண்டு குரலும் அவளுடையதுதான். நடுவில் புகுந்து திட்டு வாங்கும் மாமனாரும் அவளே. திருவள்ளூரில் எனக்கு அடுத்த வீடு. அந்தச் சத்தம் கேட்காத நாளில் எனக்குக் காபி இறங்காது.

வாரம் ஒரு முறை ரயிலேறிப் பட்டணம் போய் வானொலி நாடகத்தில் பேசிவிட்டு வருவாள். வெளியூர்க்காரர்களுக்கு அவள் முகம் தெரியாது. ஆனால் ரேடியோவில் அவள் இருமினாலே சிரிப்பார்கள்.

ஓரிடத்தில் உட்காரமாட்டாள். பேச ஆரம்பிக்குமுன் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியாக வேண்டும். "மைக்குக்கு முன்னால் அதை யார் பார்க்கப்போகிறார்கள்?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"சொருகினாத்தான் சார் வார்த்த வர்து. இல்லாங்காட்டி தொண்டையிலயே நின்னுகினு பேஜாரு பண்ணும்" என்றாள்.

கணவர் போய்ச்சேர்ந்து பல வருஷமாகிறது. ஒரே மகள் தனபாக்கியம். 'நாடகக்காரி மகள்' என்றே இரண்டு வரன் தட்டிப்போயிற்று. சென்ற ஞாயிறு திருவாலங்காட்டிலிருந்து மூன்றாவது இடம் வந்தது. நஞ்சை நிலம் உள்ள குடும்பம். தரகர் ராஜமாணிக்கம் முன்கூட்டியே எச்சரித்துவிட்டார்: "இன்னா ஆனாலும் வாயத் தொறக்காத. ரேடியோ வெச்சிருக்கிற ஊடு அது. ஒரு வார்த்த பேசினாப் போதும், கண்டுபுடிச்சிருவாங்க."

அவளுக்குப் பதிலாகப் பேசுவதற்கு என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

பூவம்மாள் சும்மா இருந்ததை அன்றுதான் பார்த்தேன். சும்மாவா? கால் கட்டைவிரல் தரையைச் சுரண்டிக்கொண்டே இருந்தது. நாலு தடவை அடுப்படிக்குப் போய் வந்தாள். கேட்டதற்கெல்லாம் தலையாட்டல், கைச்சாடை. நடிக்கச் சொன்னால் அவளுக்கு அளவு தெரியுமா? பாவி, மிஞ்சிவிட்டாள்.

மாப்பிள்ளையின் தாய் கங்கம்மா டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள். "பொண்ணு லட்சணமாத்தான் கீது. ஆனா தாயி ஊமையா இருக்கசொல்ல, நாளைக்குப் பொறக்கற கொழந்தைக்கும் வந்துட்டா இன்னா பண்றது?"

ராஜமாணிக்கம் என்னைப் பார்த்தார். பேச வந்த நான் வெற்றிலைத் தட்டை அவர்கள் பக்கம் நகர்த்தினேன். அவள் பேசினாலும் போச்சு, பேசாவிட்டாலும் போச்சு. அவர்கள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

கதவோரம் நின்ற தனபாக்கியம் தலை நிமிர்ந்தாள். "பேசும்மா" என்றாள்.

பூவம்மாள் எழுந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.