கைராசிக்காரி ஒபெலின்

கேப் பிரெட்டன் தீவின் மேற்குக் கரையில் இருக்கிற அந்த மீனவ ஊரில் ஊசி என்றால் ஒபெலின்தான். அவள் ஒன்றும் நர்சுக்குப் படித்தவள் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, மீன் ஆலையில் நண்டு உடைக்கப் போனவள். ஆனால் ஆண்டவர் அவள் விரல்களில் ஒரு நிதானத்தை வைத்திருந்தார். இடுப்பு எலும்பு மாற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர்களுக்கு, ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் போடும் ஊசியை அவள்தான் போடுவாள். பக்கத்து வீட்டு விதவை தெலினாவுக்குத் தினமும் இன்சுலின். கணவன் பிளாசிட்டுக்குக் காலையும் மாலையும் இன்சுலின்.

அவள் வேலை சுத்தமாக இருக்கும். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவாள். இன்சுலின் அடைத்த மருந்துப் பேனாவை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெதுவாக உருட்டுவாள். ஒவ்வொரு தடவையும் புது ஊசி. குத்துவதற்கு முன் ஒரு சொட்டு வெளியே விட்டுப் பார்ப்பாள். தோலை இரண்டு விரலால் பூப்போலத் தூக்கிப் பிடிப்பாள், கீழே இருக்கிற தசையைத் தொடாமல் கொழுப்பில் மட்டும் மருந்து இறங்க வேண்டுமே. உள்ளே போன ஊசியை உடனே எடுக்க மாட்டாள். ஒரு 'அருள் நிறைந்த மரியே' முழுசாகச் சொல்லி முடித்த பிறகுதான் எடுப்பாள். குத்திய இடத்தைத் தேய்க்கக் கூடாது. பழைய ஊசிகள் மூடி இறுகிய காப்பி டப்பாவுக்குள் போகும்.

"ஏடி, போட்டியா இல்லையா?" என்று தெலினா கேட்பாள்.

"போட்டு எடுத்தாச்சு."

"உன் கை கைதாண்டி. என் புருஷன் தொட்டதுகூட இவ்வளவு பதமா இருந்ததில்ல."

"மாதா படத்துக்கு முன்னால உக்காந்துகிட்டு என்ன பேச்சு இது!"

"மாதாவுக்குத் தெரியாததா? அவரைக் கட்டிக்கிட்டு நான் பட்டதையெல்லாம் பாத்துக்கிட்டுத்தானே இருந்தா."

மற்றவர்களுக்கெல்லாம் ஒபெலின் நாளுக்கு ஓரிடமாக மாற்றித்தான் போடுவாள். இன்று வலது பக்கம், நாளை இடது, அப்புறம் தொடை. பிளாசிட்டிடம் மட்டும் அது நடக்கவில்லை. ஆறடி உயரம், புயலில் படகு ஓட்டுகிற ஆள், ஊசியைக் கண்டால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான். தொப்புளுக்கு இடது பக்கம் ஓரிடத்தில் வலியே தெரியவில்லை என்று கண்டுபிடித்தான்.

"அங்கயே போடு. மத்த இடமெல்லாம் குளவி கொட்டுற மாதிரி இருக்கு."

அவளும் இரக்கப்பட்டு அங்கேயே போட்டாள். பதினொரு வருஷம். அந்த இடம் புளித்த மாவு மாதிரி மெத்தென்று மேடு தட்டியது. இன்சுலின் அளவும் ஏறிக்கொண்டே போனது. இருபத்துநாலு, முப்பத்தாறு, நாற்பத்துநாலு, கடைசியில் ஐம்பத்திரண்டு யூனிட். சர்க்கரை இறங்கவில்லை என்று டாக்டர் கூட்டுவார். சட்டையைத் தூக்கிப் பார்த்தவர் ஒருவருமில்லை.

ஏப்ரல் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, சுகாதார நிலையத்து நர்ஸ் மிரெய் பார்த்தாள். உள்ளூர்ப் பெண்தான், முப்பது வயதிருக்கும். அந்த மேட்டை அமுக்கிப் பார்த்துத் திடுக்கிட்டுப் போனாள்.

"ஐயோ அக்கா, இனிமே இங்க ஒரு சொட்டுக்கூடப் போடாதீங்க. தொடையில போடுங்க, இல்லன்னா வலது பக்கம் போடுங்க."

"அளவு அதேதானே நர்சம்மா?"

மிரெய் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் இன்னும் ஏழு பேர். "ஐம்பத்திரண்டுன்னுதான் எழுதியிருக்கு" என்றாள்.

பிளாசிட் அதற்குள் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு, வாசலில் இருந்தவர்களிடம் சிங்கி இறால் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தான்.

அன்று மாலையே ஒபெலின் தொடைக்கு மாறினாள். படித்தவள் சொல்லிவிட்டாள், அதைத் தட்டக் கூடாது. வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குப் பிளாசிட் வேர்த்துக் கொட்டினான், கை நடுங்கியது. வெல்லப்பாகு தடவி இரண்டு துண்டு ரொட்டி தின்றதும் சரியாயிற்று. "அடுப்புச் சூடு" என்று சிரித்தான். ஒபெலினுக்கு மனசு கேட்கவில்லை. சுகாதார நிலையத்துக்குப் போன் செய்தாள்.

"நர்ஸ் திங்கக்கிழமைதான் வருவாங்க. அவசரமா?" என்றது அங்கே இருந்த பெண் குரல்.

அவசரம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஐந்தாம் வகுப்புப் படித்தவள் எதை அவசரம் என்பது? "திங்கக்கிழமையே பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை, சிங்கி இறால் பிடிக்கும் கூடுகளை அந்த வருஷம் முதல்முதலாகக் கடலில் இறக்கும் நாள். விடியுமுன் எழுந்து ஐம்பத்திரண்டு போட்டாள், முட்டையும் ரொட்டியும் கொடுத்தாள், படகுகள் போகும்போது துறைமுகத்தில் சாமியாரோடு சேர்ந்து செபம் சொன்னாள். ஒன்பது மணி இருக்கும். கூட்டைத் தூக்கி வீசும்போது பிளாசிட் கண் சொருகிச் சரிந்தான். கூட்டோடு ஓடுகிற கயிறு காலில் சுற்றிக் கடலுக்குள் இழுத்துப்போட்டது. பனிக்கட்டி கரைந்து இரண்டு வாரம்கூட ஆகாத தண்ணீர். அவனுடைய அண்ணன் மகன் ரெமி கயிற்றை அறுத்து மேலே இழுத்தபோது அவனுக்கு மூச்சில்லை. நெஞ்சை அமுக்கி அமுக்கித் திரும்பக் கொண்டுவந்தார்கள். உயிர் வந்தது. இடது கை வரவில்லை, பேச்சும் பாதிதான் வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "இடத்தை மாத்தினீங்களா? அதே ஐம்பத்திரண்டா?"

"ஆமா."

"அந்தக் கட்டி பாதி மருந்தை உடம்புல சேரவே விட்டிருக்காதும்மா. நல்ல சதையில போட்டா முழுசும் ரத்தத்துக்குப் போயிடும். இடத்தை மாத்தும்போது அளவைக் குறைக்கணும், அடிக்கடி சர்க்கரை பாக்கணும். உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

மிரெய் கட்டிலின் மறுபக்கம் நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "சொன்னேனே அக்கா" என்றாள் மெல்ல. "சர்க்கரையப் பாத்துக்கிட்டே இருங்க, கூப்பிடுங்கன்னு சொன்னேனே."

ஒபெலின் பிளாசிட்டைப் பார்த்தாள். அவனும்தானே அந்த அறையில் இருந்தான்? "நீயே சொல்லுய்யா. இவ அப்படிச் சொன்னாளா?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். இழுத்து இழுத்துச் சொன்னான். "சொல்லி... யிருப்பா."

அந்த ஒரு வார்த்தை ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் பூசைக்குப் போனால் ஊரார் தலையசைத்துவிட்டு நகர்ந்துகொள்வார்கள். இடுப்பு எலும்பு மாற்றியவர்கள் இருபது மைல் தள்ளி ஆள் பார்த்தார்கள். தெலினா மட்டும் வெட்கத்தோடு வாசல் வரை வந்தாள்.

"கோவிச்சுக்காதடி. என் மக, ஊசியை நானே போட்டுக்கச் சொல்றா."

"உனக்குக் கண்ணு சரியாத் தெரியாதே."

"அதைத்தான் அவகிட்டச் சொன்னேன். அவளும் ஊரும் ஒரே பேச்சாப் பேசுது, நான் என்ன பண்ண?"

ஊர் போனால் போகட்டும். பிளாசிட் வீட்டுக்கு வந்த அன்று அவள் கையைக் கழுவிக்கொண்டு பேனாவை எடுத்தாள். அவன் வலது கையால் சட்டையைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

"நீ வேணாம். மிரெய் வரட்டும்."

"பதினொரு வருஷம் இந்தக் கையாலதான்யா போட்டேன்."

"அவ வரட்டும். இல்ல, ஊசியே வேணாம்."

அதனால் மிரெய் தினம் இரண்டு வேளையும் வந்தாள். முப்பது யூனிட், தொடையில், இடம் மாற்றி மாற்றி. ஒபெலின் அவளுக்குத் தேநீர் வைத்தாள், கோட்டை வாங்கி ஆணியில் மாட்டினாள். இருவரும் வானிலையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள். அந்தத் தேநீரில் ஒருநாளும் சர்க்கரை குறைத்துப் போட்டதில்லை. அவ்வளவுதான் அவளால் முடிந்த மன்னிப்பு. தன் சொல்லை ஒருநாள் பிளாசிட் நம்ப வேண்டும் என்பது மட்டும்தான் அவள் வேண்டுதல்.

டிசம்பரில் மலையிலிருந்து தென்கிழக்குக் காற்று இறங்கியது. கூரைகளைப் பிய்த்து எறிகிற காற்று. சாலையில் லாரி கவிழ்ந்து கிடக்கிறது என்றார்கள். காலை எட்டு மணிக்கு மிரெய் போன் செய்தாள்.

"அக்கா, என்னால வர முடியாது. நீங்கதான் போடணும்."

"விட மாட்டானே."

காற்றுச் சத்தத்துக்கு நடுவே மிரெய் அழுவது கேட்டது. "அக்கா... அன்னிக்கு நான் சர்க்கரை பாக்கச் சொல்லல. அளவு அதேதானான்னு நீங்கதான் கேட்டீங்க. நான் திரையைப் பாத்துட்டேன். வேலை போயிடும்னு பயந்து ஆஸ்பத்திரியில அப்படிச் சொல்லிட்டேன். ஏழு மாசமாத் தூக்கமே இல்லக்கா."

ஒபெலின் பிளாசிட்டின் நாற்காலிப் பக்கம் போனாள். "இதை என்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போவுது? அவன்கிட்டச் சொல்லு" என்று பிளாசிட்டின் காதில் போனை வைத்தாள்.

அவன் கேட்டுக்கொண்டிருந்தான். "ம்" என்றான். மறுபடி "ம்" என்றான். அவன் முகத்தில் ஏதாவது உடைகிறதா என்று அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒன்றும் உடையவில்லை.

"என்ன சொன்னா?"

"உன் கையால... போட்டுக்கச் சொல்றா. முப்பதாம்." கால்சட்டையைத் தொடை வரை சுருட்டினான். "அவ சொன்னா... சரியாத்தான் இருக்கும்."

மிரெய் அவனிடம் உண்மையைச் சொல்லவில்லை என்று புரிந்தது. தானே சொல்லிவிடலாமா என்று அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் நம்புவானா? ஒருவேளை நம்பி, மிரெய் பேச்சும் எடுபடாமல் போனால், நாளைக்கு யார் கையால் போட்டுக்கொள்வான்? ஊசியே வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டால்? கை கழுவினாள். சொட்டு விட்டுப் பார்த்தாள். நல்ல சதையாகத் தேடி, தோலைத் தூக்கிப் பிடித்துப் போட்டாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

பத்தரை மணிக்கு விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள். அந்த நாட்டுக் கணக்கில் நாலுக்குக் கீழே போனால் ஆபத்து. ஏழு காட்டியது.

"போன் போடு" என்றான் பிளாசிட். "மிரெய்கிட்டச் சொல்லு. அவ கணக்கு சரியா இருக்குன்னு."

ஒபெலின் எண்களை அழுத்தினாள். "ஏழு இருக்கு நர்சம்மா" என்றாள். "உங்க கணக்கு சரியா இருக்குன்னு சொல்லச் சொன்னான்."