பனி மூடினால் அழும் செல்வி

எழுபதுகளில் பள்ளிவாசல் என்ற மலையூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தேன். ஜன்னலோரம் உட்காரும் செல்வி, பனி இறங்கினாலே அழுவாள். குளிருக்குத்தான் அழுகிறாள் என்று நினைத்து என் ஸ்வெட்டரைப் போர்த்தி, ஜன்னலையும் சாத்தினேன். அழுகை கூடியது.

ஒருநாள் அவள் பெஞ்சிலேயே உட்கார்ந்தேன். எதிர்ச் சரிவில் அவள் அம்மா கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். சிலேட்டைத் துடைத்ததுபோல் பனி வந்து சரிவை மறைத்தது.

"அம்மாவக் காணல டீச்சர்" என்று விசும்பினாள் செல்வி.

அன்று மாலையே அவள் அம்மாவிடம் இதைச் சொன்னேன். மறுநாள் பனி மூடியதும் சரிவிலிருந்து குரல் வந்தது. "ஏட்டி செல்வி, இங்கனதான் நிக்கேன்."

மற்ற அம்மாக்களும் கூப்பிடத் தொடங்கினார்கள். வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயருக்காகக் காத்திருந்தது.

இப்போது பேத்தி அழுதால் ஏனென்று கேட்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பார்க்கும் திசையில் பார்க்கிறேன்.